அத்தை வீட்டு மாட்டுக்கு மூணு காம்பு

டொராண்டோவில் பால் பையில் வரும். நாலு லிட்டர் வாங்கினால் உள்ளே மூணு பை. ஜூலையில் ஒரு ராத்திரி, கெட்டுப்போன அரைப் பை பாலை சிங்க்கில் ஊற்றிக்கொண்டே ஈரோடு பக்கத்தில் இருக்கும் அத்தையிடம் வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தேன். அங்கே காலை கறவை நேரம்.

"நானும் நாலு நாளா பாலைக் கீழதான் ஊத்தறேன் கண்ணு. செவலைக்கு மடிநோய்" என்றார்.

மடி கல்லாக வீங்கி, பால் திரிதிரியாக வந்திருக்கிறது. டாக்டர் ஊசி போட்டிருக்கிறார். ஊசி மருந்து பாலில் இறங்கும் என்பதால், டாக்டர் சொல்லும் நாள்வரை சொசைட்டிக்கு ஊற்றக்கூடாது. செலவு ஒரு பக்கம், வரவு நின்றது இன்னொரு பக்கம்.

பக்கத்தில் இருந்த என் மகள் கேட்டாள்: "மாட்டுக்கு வலிக்குமா அத்தைப்பாட்டி?"

"வலிக்காமயா சாமி? பால் குடிக்க வர்ற கன்னுக்குட்டியவே உதைக்குது."

நான் மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்பியபோது விமான டிக்கெட்டுக்கு அத்தை கொடுத்தது பால் பணம். உடனே பணம் அனுப்பினேன். ஆனால் ஒரு காம்பு வற்றியேவிட்டது. பணம் அனுப்பினால் அது திரும்பாது.

அப்புறம்தான் படித்துப் பார்த்தேன். இந்த நோயில் மோசமானது கண்ணுக்குத் தெரியாத வகை. மாடு நன்றாகத் தின்னும், பால் வெள்ளையாகத்தான் இருக்கும், அளவு மட்டும் குறையும். எங்கள் வேலையில் மெமரி லீக் என்போமே, அது மாதிரி. எர்ரர் எதுவும் வராது, உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். அத்தையும் ஒரு மாசமாக "வெயிலுக்குப் பால் கொறஞ்சிருச்சு" என்றுதான் நினைத்திருந்தார். இதைக் கண்டுபிடிக்க 1957-லேயே ஒரு எளிய சோதனை வந்துவிட்டது. ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் குழியில் பீய்ச்சி மருந்துக் கரைசல் கலந்தால், நோய் உள்ள பால் கூழாகக் கெட்டிப்படும். நூறு மாடு உள்ள பண்ணைக்கு ஒரு காம்பு கணக்கில் ஒரு வரி. ஒற்றை மாட்டு வீட்டுக்கு அது கால்வாசி வருமானம்.

தடுக்கும் வழிகள் பெரிய செலவில்லை. கையும் மடியும் கழுவித் துடைத்துவிட்டுக் கறப்பது. முதல் பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுத் திரி இருக்கிறதா என்று பார்ப்பது. கறந்ததும் தீவனம் போட்டு அரைமணி நேரம் படுக்கவிடாமல் நிறுத்துவது. காம்புத் துளை மூட அவ்வளவு நேரம் ஆகும். சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே சொல்கிறது.

இதையெல்லாம் அத்தையிடம் ஒப்பித்தேன். சிரித்தார்.

"எனக்குத் தெரியும் கண்ணு. கட்டுத்தறி சேறா கெடக்குதே, மாடு எங்க படுக்கும்?"

அதை நான் பத்து வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "நல்லா இருக்கீங்களா, சாப்டீங்களா" என்பதோடு முடிந்துவிடும் என் போன். போன மாசம் தறிக்கு சிமென்ட் தளம் போட்டாயிற்று.

உங்கள் ஊரிலும் மாடு வைத்திருக்கும் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருப்பார். அடுத்த முறை பேசும்போது மாட்டையும் விசாரியுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. என் மகள் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் கேட்பது, "செவலை இன்னும் உதைக்குதா?" என்றுதான்.