பாம்புக்கடி மருந்தும் இருளர் கையும்

வயல்ல வேலை செய்யறவனுக்கு முதல் பயம் கடன், ரெண்டாவது பயம் பாம்பு. மழைக்காலத்துல ராத்திரி மோட்டார் போடப் போகும்போது மட்டும் இந்த வரிசை மாறிடும். செங்கல்பட்டுப் பக்கம் ரெண்டரை ஏக்கர்ல நெல்லு வைக்கிற எனக்கு டார்ச்சும் கையில ஒரு கழியும் இல்லாம வரப்புல கால் வைக்கிற பழக்கமே கிடையாது.

நகரத்துல இருக்கிற உங்களுக்கு இது பெரிசாத் தெரியாது. இந்தியாவில் வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. அதில் பெரும்பாலானவர்கள் எங்களை மாதிரி கிராமத்து ஜனங்கள்.

மூணு வருஷத்துக்கு முன்னால எங்க தெருவுல நாத்து பறிக்கப் போன ஓர் அம்மாவைக் கண்ணாடி விரியன் கடிச்சுது. மந்திரிக்கிறேன், கீறி விடறேன்னு யாரும் நேரத்தைக் கெடுக்கல. வண்டியில வச்சு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். விஷமுறிவு மருந்து ஏத்தினாங்க. எட்டு நாள் படுத்திருந்து பொழைச்சு வந்தாங்க. இந்த நவரைக்கும் நடவுக்கு வந்தாங்க.

அந்த மருந்து எங்கேருந்து வருதுன்னு எங்க ஊர்ல கேட்டா, "கம்பெனியிலேருந்து"ன்னு சொல்வாங்க. அது பாதி விவரம்தான். விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்கு ஏத்துவாங்க. குதிரை உடம்பு அந்த விஷத்தை எதிர்க்கிற சக்தியை ரத்தத்தில் உண்டாக்கும். அதைப் பிரிச்சு எடுத்துத்தான் மருந்து செய்யறாங்க. ஆகவே விஷம் இல்லாமல் மருந்து இல்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. இதுக்காக நாட்டில் சேகரிக்கிற விஷத்தில் பெரும்பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிற இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

இருளர்கள் எங்க ஊருக்குப் புதுசு இல்லை. அறுப்பு சமயத்துல எலி தொந்தரவுன்னா அவங்களைத்தான் கூப்பிடுவோம். வரப்புல எந்த வளையில எலி இருக்கு, எந்த வளையில பாம்பு புகுந்திருக்குன்னு மண்ணைப் பார்த்தே சொல்வாங்க. பானையில புகை போட்டு ஊதி, கடப்பாரையால தோண்டி எலியைப் பிடிப்பாங்க. எலியும், வளைக்குள்ள எலி சேர்த்து வச்சிருக்கிற நெல்லும் அவங்களுக்கு. எங்களுக்கு மிச்ச வெள்ளாமை தப்பிக்கும். இந்த வேலைக்கு ஈடான கூலியையோ மரியாதையையோ ஊர் அவங்களுக்குக் கொடுத்ததா சொல்ல முடியாது. வயசான இருளரைச் சின்னப் பையன்கூடப் பேர் சொல்லிக் கூப்பிடறதை இன்னைக்கும் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் அவங்களுக்குக் காசு வந்தது பாம்புத் தோலில். பிடிச்சு, உரிச்சு, வியாபாரிக்கு வித்தாங்க. லாபம் வியாபாரிக்குத்தான் போச்சு. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அப்புறம் தோல் வியாபாரமே நின்னுபோச்சு. பாம்புக்கு அது நல்லது. ஆனால் அதையே நம்பியிருந்த குடும்பங்கள் வழியில்லாம நின்னாங்க. முன்பணம் வாங்கிட்டு அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையா மாட்டிக்கிட்ட இருளர் குடும்பங்கள் எங்க மாவட்டத்தில் எத்தனையோ.

இந்த நிலைமையில்தான் 1978-ல் சங்கம் தொடங்கினது. ஆரம்பிக்க முன்னால நின்றவர், பக்கத்தில் முதலைப் பண்ணை வைத்த ரோமுலஸ் விட்டேக்கர். ஆனால் சங்கத்தில் உறுப்பினர்கள் இருளர்கள், ஆணும் பெண்ணுமாக. பிடிச்சுக் கொண்டு வர்ற பாம்புக்கு, வகையைப் பொறுத்து சங்கம் பணம் கொடுக்கும். பாம்பை மண்பானையில் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பாங்க. மூணு நாலு வாரம், வாரம் ஒரு தடவை விஷம் எடுப்பாங்க. அப்புறம் அடிவயித்துச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டிட்டுக் காட்டில் விட்டுடுவாங்க. அதே பாம்பு சீக்கிரத்தில் மறுபடி கையில் சிக்கினா அடையாளம் பார்த்து விட்டுடலாம். விஷத்தை உலர்த்தித் தூளாக்கி மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறது சங்கம்.

எங்க ஊர் இருளர் பெரியவர் ஒருத்தர்கிட்ட, "தோலுக்குப் பிடிச்சதுக்கும் இதுக்கும் என்னண்ணே வித்தியாசம்?"னு கேட்டேன். "அப்ப பிடிச்ச உடனே அடிச்சுடுவோம் ஐயா. இப்ப அடிபடாம கொண்டு போகணும், திருப்பி விடணுமில்ல"ன்னார்.

பழங்குடிக்குத் திருப்பிக் கொடுக்கிறோம்னு சொல்லிப் போர்வையும் அரிசியும் கொடுத்துப் படம் எடுக்கிறதை நிறைய பார்த்திருக்கேன். வாங்கினவங்களுக்கு அது ரெண்டு வாரம் ஆகும். இந்தச் சங்கம் செஞ்சது வேற. அவங்க அப்பன் பாட்டன்கிட்ட கத்துக்கிட்ட வித்தைக்கே விலை வச்சுது, வர்ற காசை வியாபாரி கைக்குப் போகாம அவங்க சங்கத்துக்கே வர வச்சுது. செங்கல்பட்டு மாவட்டத்து மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேரும் 2017-ல் அமெரிக்காவில் புளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடிச்சாங்க. முதல் ரெண்டு வாரத்துக்குள்ள 13 பாம்பு. 2023-ல் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சுது.

இத்தனைக்கும் சங்கத்தால எல்லாருக்கும் சோறு போட முடியலை. உறுப்பினர்கள் சில நூறு பேர். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் இருளர் 1.89 லட்சம் பேர். எத்தனை பாம்பு பிடிக்கலாம்னு வனத்துறை அனுமதி கொடுக்கணும். அனுமதி தாமதமானாலோ எண்ணிக்கை குறைஞ்சாலோ அந்த வருஷம் வருமானம் அடிபடும். பாம்பைக் காப்பாத்தக் கணக்கு வேணும், சரி. ஆனால் பிடிக்கிற பருவம் தாண்டி வர்ற அனுமதி யாருக்கு உதவும்? எங்களுக்கு விதைப்பு முடிஞ்சு விதை வர்ற மாதிரிதான் அது. பட்டாவும் சாதிச் சான்றிதழும் இல்லாத குடும்பங்களோட கஷ்டத்தை எந்தச் சங்கமும் தனியாத் தீர்க்க முடியாது. அது அரசாங்கத்து வேலை.

இன்னொண்ணும் இருக்கு. ஒரே வகைப் பாம்பானாலும் ஊருக்கு ஊர் விஷம் மாறும். அதனால மத்த மாநிலங்களிலும் விஷம் சேகரிக்கணும்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க. நியாயம்தான், ராஜஸ்தான் விவசாயியும் பிழைக்கணுமில்லையா. அப்படி ஆரம்பிக்கும்போது அங்கங்க பாம்பு தெரிஞ்ச ஜனங்களைக் கூலிக்கு மட்டும் வைக்காம, சங்கத்தில் உறுப்பினராச் சேர்க்கணும். வடநெம்மேலியில் 1978-லேருந்து அது நடக்குது.

மாமல்லபுரம் போற வழியில் முதலைப் பண்ணைக்கு நீங்க போயிருப்பீங்க. அடுத்த தடவை அந்த வளாகத்திலேயே இருக்கிற சங்கத்துக்கும் டிக்கெட் வாங்கிப் போங்க. பானையிலேருந்து பாம்பை எடுத்து விஷம் எடுக்கிறதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க. செய்து காட்டுறவரை "அண்ணே"ன்னு கூப்பிடச் சொல்லுங்க.