8 சென்டிமீட்டர்

நில அளவை வேலையில் சேர்ந்த முதல் வருடம். பேராவில் ஒரு வீடமைப்புத் திட்டத்தில் வடிகால் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். நான் டோட்டல் ஸ்டேஷன் கருவியில் நின்றேன். பிரிஸம் கம்பத்தைப் பிடித்தவர், பல வருடங்களாக இதே வேலை பார்த்துவந்த ஓர் அண்ணன்.

மாலையில் பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த புள்ளிகள் எல்லாம் 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தன.

“கம்பத்தைச் சாய்ச்சுப் பிடிச்சிட்டீங்களா அண்ணே?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

“இல்ல தம்பி, குமிழியப் பார்த்துத்தான் பிடிச்சேன்” என்றார். அதற்குமேல் பேசவில்லை.

இரவு தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2 மீட்டர் கம்பம் 1 பாகை சாய்ந்தால் உச்சி பக்கவாட்டில் 35 மில்லிமீட்டர் விலகும். உயரமோ 1 மில்லிமீட்டர்கூடக் குறையாது. 8 சென்டிமீட்டர் குறைய 16 பாகை சாய வேண்டும். அப்படிச் சாய்ந்திருந்தால் என் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

காலையில் நாடாவை வைத்து அளந்தேன். கம்பம் 1.92 மீட்டர்தான் இருந்தது. தேய்ந்த திருகுப் பூட்டு நழுவி, உள்குழாய் இறங்கியிருக்கிறது. கருவியில் 2 மீட்டர் என்று பதிந்தது நான். சாப்பாட்டுக்குப் பிறகு அளந்து பார்க்காததும் நான்தான்.

முந்தின நாள் கேள்வி கேட்ட அதே ஆட்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுங்க தம்பி, இனிமே ரெண்டு தடவை அளந்துக்குவோம்” என்றார்.

பிறகுதான் அளவைக் கம்பங்களுக்கான காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படித்தேன். ஒரு கம்பத்துக்கு இத்தனை படங்களா என்று வியப்பாக இருந்தது. குறிப்பிட்ட உயரத்தில் துளைக்குள் போய் விழும் வில் ஊசி, கையை எடுத்தாலும் கம்பத்தை நிமிர்த்தி வைக்கும் இருகால் தாங்கி, கட்டைவிரலால் அழுத்தினால் நீளும் கால்கள். எல்லாம் வெயிலில் நின்று கை வலித்தவர்களின் தொல்லைக்குக் கண்ட தீர்வுகள். காப்புரிமை 20 ஆண்டுகள்தான். அதற்கு ஈடாக, செய்முறையை ஊரறிய எழுதிக் கொடுக்க வேண்டும். காலம் முடிந்தால் யாரும் செய்யலாம்.

இப்போது எங்களிடம் இருப்பது ஊசிப் பூட்டுள்ள கம்பம். அது நழுவாது. ஆனாலும் சாப்பிட்டு வந்ததும் நாடாவை எடுத்துவிடுவேன். ஒருவரைக் குறை சொல்லும் முன் கம்பத்தை அளந்து பார்க்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த 8 சென்டிமீட்டர்.