மாமனாரின் விஜய் சூப்பர்

முழுப் பரீட்சை லீவுக்கு நெய்வேலி போயிருந்தோம். என் மாமனார் அங்கே அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின் இந்திரா நகரில் சொந்த வீடு. வாசலில் நம்மை முதலில் வரவேற்பது, 1979ல் அவர் வாங்கிய விஜய் சூப்பர் ஸ்கூட்டர்தான்!

அது இத்தாலி நாட்டு வண்டி என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மிலான் நகரத்து இன்னொசென்டி கம்பெனி 1947லிருந்து செய்துவந்த லாம்ப்ரெட்டாவேதான். அவர்கள் அந்தத் தொழிலை விட்டபோது, நம் அரசாங்கம் 1972ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கி, இயந்திரங்களையே விலைக்கு வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்ததாம். 1997ல் அங்கேயும் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

"பஜாஜ்காரன் வண்டியைச் சாய்ச்சு சாய்ச்சு உதைப்பான். அதுக்கு எஞ்சின் ஒரு பக்கம். நம்மளுதுக்கு நடுவுல!" என்பார் மாமா. பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் புகழ்ந்ததில்லை.

இந்த முறை வீடே சரியாக இல்லை. கண் டாக்டர் இனி வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டாராம். கொழுந்தனார், "பழைய இரும்புக்குப் போட்டுடலாம்" என்று வாய் தவறிச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து மாமா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

மறுநாள் விடிகாலை என் கணவர், "வாங்கப்பா, ஒரு ரவுண்டு போலாம்" என்று சாவியை எடுத்தார். நாற்பத்தைந்து வருஷமாக முன்னால் உட்கார்ந்தவர் பின்னால் ஏறினார். ஓரகத்தியின் ஸ்கூட்டியில் நானும் பின்தொடர்ந்தேன்.

நெய்வேலியின் அழகைக் காலையில்தான் பார்க்க வேண்டும், சகோதரிகளே! நூல் பிடித்தாற்போல் சாலைகள், இருபுறமும் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்த வீடுகள். அன்றைக்கு அத்தை லெகோ கரியில்தான் சமைத்தாராம். பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சுட்ட கரி அது, அதிகம் புகையாது. மூட்டையை வண்டியின் முன் பலகையில் வைத்து மாமா கொண்டுவருவார். பண்ருட்டிப் பலாப்பழம் வந்ததும் அதே பலகையில்தான். பிரசவ வலியில் அத்தை ஆஸ்பத்திரி போனதும் அதே வண்டியில்தான். (இப்போது நினைத்தால் பகீர் என்கிறது!)

முதல் அனல் மின் நிலையம் இருக்கும் பக்கம் வந்ததும், "நிறுத்துடா" என்றார். ரஷ்ய உதவியோடு கட்டி, 1962ல் மின்சாரம் தர ஆரம்பித்த நிலையம். மாமா வேலை பார்த்தது அங்கேதான். 2020ல் மூடியாயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகனிடம், "மூணாவது கியர்ல சத்தம் வருது, கேட்டியா? கிளட்ச் கேபிளை டைட் பண்ணணும்" என்றார். இரண்டு நாளில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

கடைசியாக நடராஜர் கோயில். பஞ்சலோக நடராஜர், பத்தடி உயரம், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். நம் குறைகளை எழுதிப் பெட்டியில் போட்டால் சுவாமி முன்னால் படிப்பார்கள். மாமாவும் ஒரு காகிதம் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஏதோ எழுதிப் போட்டார். நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். காபி ஆற்றிக்கொண்டே, "என் முழங்கால் வலியை எழுதியிருப்பார்னு நினைக்கிறியா? அந்த வண்டிக்குத்தான் எழுதியிருப்பார்" என்றார்.

கொழுந்தனார் மட்டும் ஒன்றும் சொல்லாமல், பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போனார்.