டிரில் மாஸ்டரின் தாத்தா

தஞ்சாவூர் என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? பெரிய கோயில் வரும், வீணை வரும், தலையாட்டிப் பொம்மை வரும். சடுகுடு வருமா? வராது! ஆனால் தஞ்சையிலிருந்து மன்னார்குடி போகும் பஸ்ஸில் ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்து உட்கார்ந்து பாருங்கள். கோடை நாளாக இருந்தால், ஊருக்கு ஊர் சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கும். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி!' முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை உபயம் இன்னார், இத்தனை கிலோ எடைக்கு மேற்பட்டவர்கள் ஆட முடியாது என்று சகல விவரங்களும் அதில் கண்டிருக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு பெயர்கள் இருக்கமாட்டா!

வழியில் வடுவூர் என்று ஓர் ஊர் வரும். அங்கே இறங்கிவிடுங்கள். கோதண்டராமர் கோயில் இருக்கிறது. 2022-ல் உலக ஈரநிலப் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம் பெற்ற ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் பறவைகள் வந்து இறங்கும். உங்கள் தாத்தா நாவல் பிரியராக இருந்தால் இந்த ஊரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். திகம்பர சாமியாரை மாறுவேஷம் போடவைத்துத் தமிழ்நாட்டையே ராத்திரித் தூக்கமில்லாமல் அடித்தாரே வடுவூர் துரைசாமி ஐயங்கார், அவருடைய ஊர் இதுதான்.

ஆனால் இன்றைக்கு இந்த ஊர்ப் பையன்களிடம் கேட்டால் வேறு ஒரு பெயரைச் சொல்வார்கள். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளைஞர் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய அபினேஷ் வடுவூர்க்காரர். பெண்கள் அணியில் ஆடித் தங்கம் வென்ற கார்த்திகா சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்தவர். இவர்களுக்கு முன்னால், 2016-ல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி புரோ கபடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்த தர்மராஜ் சேரலாதனும் தஞ்சை மண்ணில் பிறந்தவர்தான். வடநாட்டு ஆட்டக்காரர்கள் உள்பட எல்லோரும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள்.

இந்த வீரம் எங்கிருந்து வந்தது? காவேரித் தண்ணீரிலிருந்தா? அதுவும் இருக்கலாம். ஆனால் இன்னொரு முக்கியமான ஆசாமியை நாம் மறந்துவிடுகிறோம். அவர்தான் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில், காலில் கான்வாஸ் ஷூ. நம்மையெல்லாம் வெயிலில் நிற்க வைத்து, 'கையை மேலே தூக்கு, கீழே இறக்கு' என்று வாட்டினாரே, அவரேதான்.

அந்த டிரில் மாஸ்டருக்கு ஒரு தாத்தா உண்டு. அவர் ஓர் அமெரிக்கர் என்றால் நம்புவீர்களா?

ஹாரி குரோ பக் என்பது அவருடைய பெயர். பென்சில்வேனியாவில் பிறந்தவர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்தவர். 1919-ல் சென்னைக்குக் கப்பலேறி வந்தார். மறு வருஷமே, ஐந்து மாணவர்களை வைத்துக்கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் சென்னை நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராகப் போனவரும் இவர்தான்.

பக் துரை நினைத்திருந்தால் ஒரு பந்தையும் விசிலையும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய், நூறு பையன்களுக்கு ஆட்டம் கற்றுக் கொடுத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆட்டக்காரர்களை உண்டாக்குவதைவிட ஆசிரியர்களை உண்டாக்குவதுதான் மேல் என்று தீர்மானித்தார். ஓர் ஆசிரியர் முப்பது வருஷம் வேலை பார்ப்பார். வருஷத்துக்கு நூறு பிள்ளைகள் என்றாலும் மூவாயிரம் ஆகிறதல்லவா? மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு விளையாட்டுகளுக்கும் அவர் பாடத்தில் இடம் கொடுத்தார். 1943-ல் அவர் காலமானபோது, அந்தக் கல்லூரி வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். வந்தவர் திரும்பிப் போகவே இல்லை!

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்றால், காரணம் இருக்கிறது. வெளிநாட்டு இளைஞர்கள் லீவு நாட்களில் ஏழை நாட்டுக் கிராமங்களுக்குப் போய்க் குழந்தைகளுக்கு விளையாட்டுக் கற்றுத் தருவது இப்போது ஒரு பழக்கமாகியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்படி ஓர் இளைஞன் ஐப்பசி மாதத்தில் நம் டெல்டாவில் வந்து இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, மைதானம் எங்கே?" என்று கேட்பான்.

"தம்பி, அதோ தெரிகிறது பாரு, அதெல்லாம் தண்ணி. கீழே சம்பா நிக்குது. தை கழியட்டும்" என்பார் ஊர்ப் பெரியவர்.

தை பிறந்து அறுவடை முடிந்தால் மட்டும் வயல் சும்மா இருக்குமா? நெல் நிற்கும்போதே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். பங்குனி, சித்திரையில்தான் மண் கொஞ்சம் மூச்சு விடும். அப்போது ஊர்ப் பிள்ளைகள் கோயில் திடலிலோ, கதிரடிக்கும் களத்திலோ மணலைக் கொட்டி, சுண்ணாம்பால் கோடு கிழிப்பார்கள். நீளம் பதின்மூன்று மீட்டர், அகலம் பத்து மீட்டர். ஆடுவதற்குப் பக்கத்துக்கு ஏழு பேர். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம். மூச்சு இருந்தால் போதும்! வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கல்லணையைத் தாண்டிவிட்டால், திடலைவிட்டு எல்லோரும் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள். இந்தப் பஞ்சாங்கம் தெரிய வேண்டுமானால் ஒரு வருஷமாவது ஊரில் இருந்து சாப்பிட வேண்டும். மூன்று வாரத்தில் முடியாது.

இதை அமெரிக்க சர்க்காரே ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. கென்னடி 1961-ல் தொடங்கிய அமைதிப் படையில் சேர்ந்தவர்கள் பாஷை படித்துவிட்டு வந்தார்கள். இரண்டு வருஷம் தங்கினார்கள். அந்த ஆண்டு முதல் 1976 வரை ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்கு வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து கோழிப் பண்ணை வரை பல இடங்களில் உழைத்தார்கள். பின்னாளில் ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லிலியன் அம்மாள், அறுபத்தெட்டாவது வயதில் பம்பாய்க்குப் பக்கத்து விக்ரோலிக்கு நர்ஸாக வந்தாரே, அது இந்தப் படையில்தான்.

இப்போது காற்று திரும்பி வீசுகிறது. கற்றுக் கொடுக்க நம்மவர்கள் வெளியே போகிறார்கள். நாசிக்கைச் சேர்ந்த ஷைலஜா ஜெயின் என்ற அம்மையார் ஈரான் போய், அந்நாட்டுப் பெண்களுக்குக் கபடிப் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய பாரசீக மொழியையும் கற்றுக்கொண்டார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் அந்தப் பெண்கள் யாரைத் தோற்கடித்தார்கள் தெரியுமா? இந்தியாவைத்தான்! 27-க்கு 24. நமக்கு வருத்தம்தான், ஆனால் குருவுக்கு இதைவிட வேறு தட்சிணை ஏது?

இதெல்லாம் வெறும் விளையாட்டுச் சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அரைக் காணி நிலம்கூட இல்லாத குடும்பத்துப் பையனுக்குச் சடுகுடு என்பது ரெயில்வேயிலோ போலீஸிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கக்கூடிய ஓர் உத்தியோகம். அவன் தங்கைக்கு அது, பத்தாவது முடிந்ததும் வீட்டோடு நின்றுவிடாமல் வெளியூர் போய் வர ஓர் அனுமதிச் சீட்டு. ஆனால் முட்டி பிசகினால் கட்டுப் போடவும், 'பெண்பிள்ளை அரைக்கால் சட்டை போடுவதா?' என்று முகம் சுளிக்கும் அப்பாவின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசவும், தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பவும் ஒருவர் வேண்டும். கோடையில் வந்து ஆடியில் போகிறவரால் அது ஆகாது. உள்ளூரிலேயே இருக்கும் ஆசிரியரால்தான் ஆகும்.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டுக்கும் அமெரிக்காவிலிருந்து அக்காள் பிள்ளை யாராவது விடுமுறைக்கு வரலாம். "மாமா, கிராமத்துப் பசங்களுக்கு ஏதாவது சொல்லிக் கொடுக்கணும்" என்று ஆசைப்படலாம். தடுக்காதீர்கள். நேரே ஊர்ப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டரிடம் அழைத்துப் போய், "சார், இவன் உங்களுக்கு உதவி செய்யட்டும்" என்று ஒப்படைத்துவிடுங்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவது, சத்தான சாப்பாடு, உடம்பைப் பக்குவப்படுத்துவது என்று அவன் அறிந்ததை மாஸ்டருக்குச் சொல்லட்டும். அவன் விமானமேறிய பிறகும் மாஸ்டர் இருப்பார்.

பள்ளிக்கூடத்தில் மாஸ்டரே இல்லை, அந்த வேலை காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? அப்போது பையனை விட்டுவிட்டு நீங்கள் கிளம்புங்கள். ஊர்க்காரர் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, கல்வி அதிகாரிக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். நூறு பந்து வாங்கிக் கொடுப்பதைவிட அந்த ஒரு மனு பெரிய உபகாரம்.