வீட்டிலிருந்தே வியாபாரம்: பரகத் எங்கே இருக்கிறது?



நாங்கள் இருவரும் ஓரகத்திகள். ஒரே வீட்டில் வாழ்பவர்கள். இருவருக்கும் சிறு பிள்ளைகள். கணவன்மாரின் வருமானம் அன்றாடச் செலவுக்குப் போதும். பள்ளிக் கட்டணம் வரும் மாதங்களில்தான் கடன் கேட்க வேண்டியிருக்கும். பிள்ளைகளை விட்டு வெளியே செல்லாமல் சம்பாதிக்க வழி தேடியபோது, நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றின் கூட்டத்திற்குத் தோழி ஒருவர் அழைத்துச் சென்றார். கதீஜா (ரலி) அவர்களே வியாபாரம் செய்தவர்கள்தாமே என்று அங்கே சொன்னார்கள். மனம் இளகிவிட்டது.

4,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தோம். சமையலறை டப்பாக்கள், சோப்பு, தைலம். முதல் இரு மாதங்கள் உறவினர்கள் முகத்துக்காக வாங்கினார்கள். மூன்றாம் மாதம் வாங்குவதற்கு ஆளில்லை. ஆயினும் எங்கள் நிலையைத் தக்கவைக்க மாதந்தோறும் 2,000 ரூபாய்க்கு நாங்களே வாங்கியாக வேண்டும். கட்டிலுக்கடியில் பெட்டிகள் பெருகின. "விற்பதை விடுங்கள், ஆள் சேருங்கள்" என்றார்கள். மூன்று பேரைச் சேர்த்தோம்.

நான்காவதாக வந்தவர் அடுத்த தெருவில் பீடி சுற்றும் ராத்தா. சேர்வதற்குப் பணமில்லை, கம்மலை வட்டிக்கு அடகு வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். முற்றத்தில் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்த மாமி எங்களை அழைத்துக் கேட்டார்:

"அவ கட்டுற பணத்துல உங்களுக்கு வருமா?"

"வரும், மாமி."

"அவ ஒரு டப்பாகூட விக்காட்டியும் வருமா?"

நாங்கள் பதில் சொல்லவில்லை. அன்று ராத்தாவைக் கம்மலோடு திருப்பி அனுப்பினோம்.

இரவில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒருவர் ஐவரைச் சேர்க்க, அவர்கள் ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்த்தால் 5, 25, 125, 625. ஐந்தாம் படியில் 3,125 பேர். எங்கள் மஹல்லாவில் அத்தனை வீடுகளே இல்லை. கடைசியில் சேர்பவரின் நஷ்டம்தான் முதலில் சேர்ந்தவரின் இலாபம். அல்லாஹ் வியாபாரத்தை ஹலாலாக்கி வட்டியை ஹராமாக்கியதை அல்பகரா 275ஆம் வசனத்தில் அறிவோம். ஆனால் நாங்கள் செய்தது வியாபாரம்தானா? இத்தகைய சங்கிலித் திட்டங்களைக் கூடாதென அறிஞர்கள் பலர் கூறியிருப்பதைப் பிறகே அறிந்தோம். நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது: 2021 டிசம்பரில் வெளிவந்த நேரடி விற்பனை விதிகள் பொருள் விற்பனையை அனுமதிக்கின்றன, பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சியையும் தடுக்கின்றன.

கதீஜா (ரலி) அவர்கள் சரக்கை ஷாமுக்கு அனுப்பி, விற்றதில் இலாபம் கண்டவர்கள்; ஆள் சேர்த்து அல்ல. நபி (ஸல்) அவர்களின் மனைவி ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களோ கைத்தொழில் செய்து, அதில் கிடைத்ததைத் தர்மம் செய்தவர்கள். முன்மாதிரி இருந்தது, நாங்கள்தாம் தவறாகப் படித்துவிட்டோம்.

விலகினோம். நாங்கள் சேர்த்த மூவரின் வீடுகளுக்கும் சென்று, அவர்களால் எங்களுக்குக் கிடைத்த கமிஷனைத் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். இருவர் மன்னித்தனர். மூன்றாமவர் பணத்தை வாங்கிக்கொண்டார்; இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த வலி எங்களுக்குப் பாடம்.

இப்போது மொத்த விலைக்குத் தொழுகை மக்கனாவும் குழந்தைகள் உடையும் வாங்கி, வீட்டிலேயே விற்கிறோம். தையல் பிரிந்திருந்தால் அதை முதலில் காட்டிவிட்டுத்தான் விலை சொல்கிறோம். நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளதல்லவா! தவணைக்குக் கொடுத்தால் விலை கூட்டுவதில்லை. நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுகிறோம். மாதம் 3,000 ரூபாய் அளவில் மிஞ்சுகிறது. பெரிய தொகை அல்ல. ஆனால் கட்டிலுக்கடியில் ஒளிக்க எதுவுமில்லை.

சகோதரிகளே, எவரேனும் இத்தகைய வாய்ப்போடு வந்தால் எங்கள் மாமி கேட்டதையே கேளுங்கள்: பொருள் விற்காவிட்டாலும் பணம் வருமா? வரும் என்றால், அது யாருடைய பணம்?

அந்த ராத்தா சென்ற ரமளானில் தம் மகளுக்கு எங்களிடம் மக்கனா வாங்க வந்தார். காதில் கம்மல் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கைத் தந்து, அதில் பரகத் செய்வானாக. ஆமீன்.