படத்தில் ஒன்றுமில்லையா?

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் தாயார் மரகதவல்லி. வறுத்த பயறையும் முளைக்க வைப்பவள் என்று நம்பிப் பிள்ளை வரம் கேட்டு வருகிறார்கள். ஆனால் விழுந்த பல்லை மூன்றாவது தடவை முளைக்க வைப்பதாகத் தலபுராணத்தில் இல்லை :-) இருப்பதைத்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அந்த ஊர்க்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப் பற்களின் இடுக்கில் சோறு சிக்குகிறது, தண்ணீர் பட்டால் கூசுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பாலுசெட்டிசத்திரத்தில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போகிறார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லையே" என்கிறார்கள். வலி பொய்யா, படம் பொய்யா?

இரண்டும் இல்லை. எக்ஸ்ரே என்பது நிழல். வழக்கமாக எடுக்கும் சின்னப் படத்தில் (ஐஓபிஏ என்பார்கள்) மூன்று நான்கு பற்கள் வேர்நுனி வரை தெரியும். சீழ் பார்க்க, ரூட் கெனால் செய்ய அதுதான் வேண்டும். ஆனால் கதிர் இடுக்கு வழியாக நேராகப் போகாமல் சாய்ந்தால், பக்கத்துப் பல்லின் நிழல் இதன் மேல் விழும். சொத்தை அதற்குள் சௌகரியமாக ஒளிந்துகொள்ளும்.

அதைப் பிடிக்கத்தான் 1925-ல் ஹோவர்ட் ரேப்பர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 'பைட்விங்' படத்தைக் கொண்டுவந்தார். ஃபிலிமோடு இருக்கும் பட்டையைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டின் தலைப்பகுதியும், நடுவில் எலும்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதும் ஒரே படத்தில் வரும். வேர்நுனி மட்டும் வராது. நம்ம ஆளுக்குத் தேவை இதுதான்.

"முழு வாயும் தெரியுமே, ஓபிஜி எடுங்க" என்று கேட்பவர்கள் உண்டு. ஞானப்பல், தாடை முறிவு, நீர்க்கட்டி எல்லாவற்றுக்கும் அது அருமை. இடுக்கில் இருக்கும் சின்னச் சொத்தைக்கு? கொஞ்சம் மங்கல்தான். பெரிய படம் என்பதால் நல்ல படம் ஆகிவிடாது.

இல்லாததைக் காட்டும் வேடிக்கையும் நடக்கும். கீழ்த்தாடை நரம்பு வெளியே வரும் சிறு துளை, முன்கடைவாய்ப் பல்லின் வேர்நுனியில் கறுப்பாக விழுந்து, பார்ப்பதற்குச் சீழ் போலவே இருக்கும். அவசரப்பட்டால் நல்ல பல்லுக்கு ரூட் கெனால்! குழாயைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால் கறுப்பு வேரை விட்டு விலகிவிடும். நகர்த்திப் பார்க்கும் இந்த யுக்தியைக் கிளார்க் என்பவர் 1910-லேயே எழுதிவைத்துவிட்டார். குழாய் போகும் பக்கமே நகர்ந்தால் அது நாக்குப் பக்கம், எதிர்ப்பக்கம் நகர்ந்தால் கன்னப் பக்கம்.

பல்லில் விழுந்த மெல்லிய விரிசல் மட்டும் இந்தப் படங்கள் எதிலும் பெரும்பாலும் சிக்காது. ஒவ்வொரு முகடாகக் கடிக்கச் சொல்லி, எங்கே சுரீர் என்கிறது என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கதிர்வீச்சு பயமா? சின்னப் படம் ஒன்றுக்குச் சில மைக்ரோசீவர்ட்தான். 1896 ஜனவரியில் ஜெர்மனியில் வால்கோஃப் தன் பல்லையே முதன்முதலாகப் படமெடுத்தபோது 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். இன்றைக்கு ஒரு வினாடி கூட ஆவதில்லை. அடுத்த முறை போகும்போது பழைய படத்தையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போனால், சொத்தை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.