ஒரு காதும் நூறு குரலும்

செட்டிநாட்டு வீடுகளில் அப்பத்தாக்களிடம் பேச்சுக் கொடுத்தால், மலாயா, பர்மா, சிங்கப்பூர் என்று கடல் கடந்து சென்றவர்களின் கதை வரும். அதன் பின்னாலேயே ‘ட்ரங்க் கால்’ கதையும் வரும். காலையில் பதிவு செய்துவிட்டு, மணி எப்போது அடிக்குமோ என்று வீடே காத்திருக்குமாம். யாருக்கேனும் உடம்புக்கு முடியவில்லை என்றால், உள்நாட்டு ஊர்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் ‘லைட்னிங் கால்’ கேட்பார்கள். அதற்கு மற்றவற்றைவிட முன்னுரிமை உண்டு. இணைப்பகத்தில் அமர்ந்திருப்பவர் ஒருவர், அழைப்பவர்களோ ஊரெல்லாம்!

பின்னர் அவ்வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. 1984-இல் தொடங்கப்பட்ட நம் நாட்டுச் சி-டாட் நிறுவனம், குளிர்சாதனம் இல்லாமலே வெயிலைத் தாங்கும் 128 இணைப்புக் கிராமத் தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் அது நிறுவப்பட்டது. ஆனாலும், பலர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இயந்திரத்தையும் விட்டபாடில்லை.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அக்கேள்வியை இவ்வாண்டு எங்கள் கணினி அறையில் நேரிலேயே கண்டோம். கணினி வலையமைப்பில் தகவலை வழிபிரித்து அனுப்பும் பெட்டிக்கு ‘ஸ்விட்ச்’ என்று பெயர். பல ஸ்விட்சுகளுக்கு ஓரிடத்திலிருந்து வழி சொல்லும் மென்பொருள் ‘கண்ட்ரோலர்’. இவை தம்முள் பேசிக்கொள்ளும் ‘ஓப்பன்ஃப்ளோ’ முறையை அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் முன்வைத்தனர். ஒரே கணினிக்குள் இத்தகைய வலையமைப்பைப் பாவனையாக அமைத்துக் காட்டும் ‘மினிநெட்’ என்னும் இலவச மென்பொருளை எங்கள் ஆசிரியை இயக்கிக் காட்டினார்.

பத்து ஸ்விட்சுகள் இருந்தவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இருநூறு ஆக்கியதும், இணைவதும் அறுவதுமாகத் திரை முழுவதும் செய்திகள் ஓடின. “காரணத்தை ஊகிக்க வேண்டாம், பதிவுகளைப் படியுங்கள்” என்றார் ஆசிரியை. வரிவரியாகப் படித்தோம். லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் இணைப்புகளுக்கும் கோப்புகளுக்கும் பொதுவாக 1024 என்று தொடக்க வரம்பு உண்டு. அதை நாங்கள் எட்டவில்லை. காரணம் வேறிடத்தில் இருந்தது.

ஒவ்வொரு ஸ்விட்சும் அவ்வப்போது “இருக்கிறாயா?” என்று கேட்கும். கண்ட்ரோலர் “இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். வேலை மிகுதியால் அந்தப் பதில் தாமதமானது. கண்ட்ரோலர் இறந்துவிட்டது என்று எண்ணிய ஸ்விட்ச் இணைப்பை அறுத்துக்கொண்டு, மறுபடியும் வந்து இணைந்தது. ஒவ்வொரு புது இணைப்புக்கும் வணக்கம் சொல்லி, விவரம் கேட்டு, கட்டளை கொடுக்க வேண்டும் அல்லவா? அதனால் மற்றவற்றுக்குரிய பதிலும் தாமதமாக, அவையும் அறுந்தன. விழுந்தவை எல்லாம் ஒன்றாக ஓடி வந்ததே பெருஞ்சுமையாயிற்று!

பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை நீட்டினோம். பத்துப் பத்தாக, இடைவெளி விட்டு ஸ்விட்சுகளை இணைத்தோம். இருநூறும் நிலைத்து நின்றன. லைட்னிங் கால் போல, “இருக்கிறாயா?” என்ற கேள்விக்கு முதலிடம் கொடுப்பதும், பெரிய வலையமைப்புகளில் பல கண்ட்ரோலர்களிடையே சுமையைப் பங்கிடுவதும் மற்ற வழிகள் என்று அறிந்தோம்.

இது கணினி அறை விளையாட்டன்று. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தின் நியூயார்க் இணைப்பகம் ஒன்று, சிறு கோளாற்றிலிருந்து மீண்டு வந்ததை அண்டை இணைப்பகங்களுக்கு உணர்த்தியது. அவை அதைக் குறித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த செய்தி வந்தது. நிரலில் மறைந்திருந்த ஒரு பிழையால் அவையும் நின்று, மீண்டு, தத்தம் அண்டைகளை அவ்வாறே வீழ்த்தின. 114 இணைப்பகங்கள் கொண்ட வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் தத்தளித்தது. செய்தி நெரிசலைக் குறைத்த பிறகே அது அமைதியடைந்தது.

எத்தனை வீடுகளில் எத்தனை பேர் அன்று தொலைபேசியின் அருகே தவித்திருப்பார்கள்! மருத்துவமனையும் வங்கியும் வலையமைப்பையே நம்பியிருக்கும் இக்காலத்தில் அத்தவிப்பு இன்னும் பெரிது. தோழியரே! பழுது என்றதும் புதிய கருவி வாங்கச் சொல்லுமுன், யார் யாரை அழைக்கிறார்கள், யார் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்ப்போம். முறை வைத்து வந்தால், ஒரு காது நூறு குரலையும் கேட்கும்.